மீடியம் பட்ஜெட்ல ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கர், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

புதுக்காது:
வணக்கம் மக்களே. இத்தனை வருஷமா சவுண்ட்பார்லயும் ஹெட்போன்லயுமே ஓட்டிட்டேன், இப்போ பாட்டு கேக்குறதுக்குன்னே ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் ரொம்ப கம்மியும் இல்ல, கண்ணை மூடிட்டு வாங்குற அளவுக்கு ஜாஸ்தியும் இல்ல, நடுவுல. ரூம் 4.2 மீட்டருக்கு 3.3 மீட்டர். லேப்டாப், போன் ரெண்டுல இருந்தும்தான் பாட்டு ஓடும். அதிகமா குரல் பாட்டு, மெலடி, கொஞ்சம் ஜாஸ், லீவு நாள்ல படம். ரிவ்யூ படிக்கப் படிக்க குழப்பம்தான் கூடுது, ஒருத்தர் தரைல நிக்கிற உசரமான டவர் வாங்குங்கறார், ஒருத்தர் ஆம்ப்ளிஃபையர் உள்ளயே இருக்குற ஆக்டிவ்ங்கறார், இன்னொருத்தர் ஸ்பீக்கர் எதுவா இருந்தாலும் ஆம்ப்ல காசைப் போடுங்கறார். மாடல் பேர் சொன்னாலும் சரி, எப்படி யோசிக்கணும்னு சொன்னாலும் சரி, புண்ணியமா போகும்.

கோபுரம்:
டவர் எடுங்க, யோசிக்கவே வேணாம். புக்‌ஷெல்ஃப் (சின்ன பெட்டி ஸ்பீக்கர்) வாங்கி அதுக்கு ஸ்டாண்டும் வாங்கினா டவர் நிக்கிற அதே இடம்தான் அடைக்கும், ஆனா பேஸ் (அடி சத்தம்) பாதிதான் வரும். பெரிய பெட்டி, பெரிய சவுண்டு. முடிஞ்சது.

நாலு_ஓம்:
//டவர் எடுங்க, யோசிக்கவே வேணாம்//
யோசிக்காம வாங்குறவரா இருந்தா இங்க வந்து கேட்டிருக்கவே மாட்டாரே கோபுரம் :)
புதுக்காது, மாடல் பேரெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நீங்க உக்காருற இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம்? பின் சுவர்ல இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியும், அப்படித் தள்ளி வச்சதை வீட்ல மத்தவங்க அப்படியே விட்டு வைப்பாங்களா இல்ல ஒரு மாசத்துல சுவரோட ஒட்டி நகர்த்திடுவாங்களா? எவ்வளவு சத்தமா கேப்பீங்க? இதைச் சொன்னா பாதி லிஸ்ட் தானா கழிஞ்சிடும்.

புதுக்காது:
சோபால இருந்து ஸ்பீக்கர் வைக்கப் போற இடம் சுமாரா 2.4 மீட்டர். பின் சுவர்ல இருந்து அதிகபட்சம் 30 செ.மீ. தள்ளலாம், அதுக்கு மேல போனா பால்கனி கதவு திறக்காது. இடது ஸ்பீக்கர் கிட்டத்தட்ட மூலையை ஒட்டி வரும், வலது பக்கம் கதவு இருக்குறதால ஃப்ரீயா இருக்கும். சத்தம் மீடியம்தான், பக்கத்து ரூம்ல தூங்குறவங்க இருக்காங்க.

நாலு_ஓம்:
இந்த 30 செ.மீ.யும் அந்த மூலையும்தான் உங்க ஸ்பீக்கரை முடிவு பண்ணப் போகுது, ரிவ்யூ இல்ல.

சின்ன ரூம்ல நம்ம காதுக்கு வர்ற பேஸ் ஸ்பீக்கர் கொடுக்கறது பாதி, ரூம் கொடுக்கறது பாதி. ஒலியோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர். அதை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தீங்கன்னா அந்த ரூம் எந்த சுருதில தானா முழங்கும்னு தெரிஞ்சிடும். உங்க 4.2 மீட்டருக்கு 41 ஹெர்ட்ஸ் கிட்ட வருது, 3.3 மீட்டருக்கு 52. இப்போ வேடிக்கை என்னன்னா, பேஸ் கிட்டார்ல ரொம்ப தடியான கம்பியைத் திறந்து மீட்டினா வர்றது அதே 41 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு நோட் வரும்போது ஜன்னல் கண்ணாடி வரைக்கும் அதிரும், அதுக்கு மேல ரெண்டு நோட் போனா ஆளையே காணோம். ஸ்பீக்கர் கம்பெனியைத் திட்டுவீங்க, பண்றது ரூம்.

35 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்குற டவரை மூலைல வச்சா அந்த 41-ஐ தேடிப் பிடிச்சு உசுப்பி விடும். 50 ஹெர்ட்ஸ் கிட்ட இறங்க ஆரம்பிக்கிற புக்‌ஷெல்ஃபை அதே இடத்துல வச்சா சுவர் கொடுக்கற தூக்கலோட சேர்ந்து அளவா வரும். அதனால உங்க ரூமுக்கு 5 இல்ல 6.5 இன்ச் வூஃபர் (பேஸ் கொடுக்கற பெரிய கோன்) இருக்குற புக்‌ஷெல்ஃப்தான் என் ஓட்டு. போர்ட் (பேஸ் வெளிய வர்ற ஓட்டை) முன்னாடி இருக்குறதோ, இல்ல போர்ட்டை அடைக்க ஃபோம் கூடவே கொடுக்கறதோ, ரெண்டுல ஒண்ணு இருக்கற மாதிரி பாருங்க.

கோபுரம்:
டவர்னாலே டம் டம்னு அடிக்கும்ங்கறது பழங்கதை பாஸ். ரெண்டு வூஃபர் இருந்தா ஒவ்வொண்ணும் கம்மியா உழைக்கும், டிஸ்டார்ஷன் குறையும், சத்தம் ஏத்தும்போது கலங்காது. இதை மறுக்க முடியுமா?

இசைக்கிறுக்கி:
மறுக்கல கோபுரம், அது உண்மைதான். 6 மீட்டர் நீள ஹால்ல, சுவர்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க இடம் இருந்தா நானும் டவர்தான் சொல்வேன். இவருக்கு அந்த இடம் இல்ல. அதோட ஒரே பணத்துக்கு டவர் வாங்கினா பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்கும் காசு போயிடும், அதே காசு புக்‌ஷெல்ஃப்ல நல்ல ட்வீட்டருக்கும் (மேல் சுருதி சத்தம் கொடுக்கறது) கிராஸோவருக்கும் (சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிச்சுக் கொடுக்கறது) போகும். குரல் பாட்டு கேக்குறவருக்கு அங்கதான் விஷயமே இருக்கு.

ஹாஃப்மன் விதின்னு ஒண்ணு சொல்வாங்க, கேஎல்ஹெச் ஸ்பீக்கர் கம்பெனில அந்த கடைசி ஹெச் இவர்தான். ஆழமான பேஸ், சின்ன பெட்டி, கம்மி வாட்லயே நல்ல சத்தம், இந்த மூணுல ஏதாவது ரெண்டுதான் கிடைக்கும். சின்ன பெட்டில பயங்கர பேஸ்னு யாராவது வித்தா மூணாவதை எங்கயோ வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம், அது ஆம்ப்புக்கு வேலை வைக்கும். பிபிசி ஒளிபரப்பு வேன்ல வைக்கிறதுக்காக 1970-கள்ல பண்ணின எல்எஸ்3/5ஏ தெரிஞ்சிருக்கும், ஷூ டப்பா மாதிரி இருக்கும், குரலுக்கு இன்னிக்கும் அதைச் சொல்லி உருகுறவங்க இருக்காங்க. சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட்டுக்கு வர்ற சத்தம், 83 டெசிபல் (டிபி) சுற்றுதான். 100 ஹெர்ட்ஸுக்கு மேல லேசா ஒரு மேடு இருக்கும், அதனால இல்லாத பேஸ் இருக்குற மாதிரி காதுக்குத் தோணும். கெட்டிக்காரத்தனம் அது.

புதுக்காது:
தெளிவா இருக்கு, நன்றி அக்கா, நன்றி ப்ரோ. அப்போ ஆம்ப் எத்தனை வாட்? ஸ்பீக்கர் பின்னாடி 100 வாட்னு போட்டிருந்தா 100 வாட் ஆம்ப்தான் போடணும்னு ஒரு விற்பனையாளர் அடிச்சு சொன்னார்.

நாலு_ஓம்:
அங்க போட்டிருக்கறது ஸ்பீக்கர் தாங்குற வாட், அதுக்கு வேணும்கிற வாட் இல்ல. நீங்க பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. 86 டிபின்னா 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தூரத்துல 86 டிபி வரும். உங்க 2.4 மீட்டருக்கு வர்றதுக்குள்ள 7, 8 டிபி கரையும், ரெண்டு ஸ்பீக்கர் பாடறதுல 3 டிபி திரும்ப வரும், ஆக வெறும் 1 வாட்லயே சோபால 81 டிபி. ரூம் எதிரொலி சேர்ந்தா இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வீட்ல நிதானமா கேக்குறது 70, 75 டிபிதான், அதுக்கு கால் வாட் போதும்! ஆனா ட்ரம்ஸ் அடி, மிருதங்கத்துல தொப்பி பக்கம் விழுற அடி இதெல்லாம் சராசரியை விட 15, 20 டிபி மேல எகிறும். 95 டிபி வரைக்கும் கலங்காம போகணும்னா 25 வாட் வேணும். அதனால நிஜமான 40, 50 வாட் ஆம்ப் உங்களுக்கு தாராளம்.

வாட்டை டபுள் பண்ணினா 3 டிபிதான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம்னு தோணணும்னா 10 டிபி ஏறணும், அதுக்கு பத்து மடங்கு வாட் வேணும். 50 வாட் ஆம்ப்புக்கும் 60 வாட் ஆம்ப்புக்கும் வித்தியாசம் 1 டிபி கூட வராது, அதுக்குப் போய் காசு கூடக் கொடுக்காதீங்க. பிஎம்பிஓன்னு (விளம்பரத்துக்குப் போடற உச்ச வாட்) நாலு இலக்கத்துல ஒரு நம்பர் போட்டிருந்தா அதைப் படிக்கவே படிக்காதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கற வாட்) எவ்வளவு, எத்தனை ஓம்ல, எத்தனை சதவீதம் டிஸ்டார்ஷன்ல, அதை மட்டும் பாருங்க.

இன்னொரு தந்திரமும் உண்டு. சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டுன்னு போடுவாங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட்டுன்னா 1 வாட், 4 ஓமுக்கு அதே 2.83 வோல்ட் 2 வாட். அதனால 4 ஓம் ஸ்பீக்கர் காகிதத்துல 3 டிபி கூட இருக்குற மாதிரி தெரியும். நான் என் பேரை இப்படி வச்சதே இதைப் பத்தி அடிக்கடி புலம்புறதாலதான்.

பழையடேப்:
தம்பி சொல்றது சரிதான், ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். ட்வீட்டர் எரியறது பெரிய ஆம்ப்பால மட்டும் இல்ல, சின்ன ஆம்ப்பை கடைசி வரைக்கும் முறுக்கி கரகரன்னு பாட விட்டாலும் எரியும். சத்தம் கலங்குதுன்னு காது சொன்னதும் குறைச்சிடணும். பார்ட்டி நடக்குற வீட்டுலதான் ட்வீட்டர் சாகும்.

வெள்ளிக்கம்பி:
எல்லாரும் கேபிளை மறந்துட்டீங்க. பட்ஜெட்ல 15 சதவீதமாவது கேபிளுக்கு ஒதுக்குங்க நண்பா. ஆக்சிஜன் இல்லாத காப்பர், முடிஞ்சா வெள்ளி பூசினது. நான் மாத்தினதும் திரை விலகின மாதிரி இருந்துச்சு.

நாலு_ஓம்:
வந்துட்டார்யா :)
16 கேஜ் (நம்பர் ஏற ஏற வயர் மெலிசு) சாதாரண காப்பர் வயர் மீட்டருக்கு 0.013 ஓம். உங்களுக்கு 5 மீட்டர் வயர்னா போக வர 10 மீட்டர், மொத்தம் 0.13 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர்ல அதனால குறையறது 0.14 டிபி. எந்தக் காதுக்கும் தெரியாது. அதே இடத்துல ரொம்ப மெலிசான 24 கேஜ் போட்டா கிட்டத்தட்ட 0.9 டிபி போகும், அதுவும் எல்லா ஃப்ரீக்வென்சிலயும் ஒரே மாதிரி போகாது, ஏன்னா ஸ்பீக்கரோட ஓம் ஃப்ரீக்வென்சிக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். அதனால வயர் தடிமன் முக்கியம், பூச்சு முக்கியம் இல்ல. ரோல்ல வெட்டிக் கொடுக்கற 16 இல்ல 14 கேஜ் வாங்கிட்டு அந்த 15 சதவீதத்தை ஸ்டாண்டுக்குப் போடுங்க.

வெள்ளிக்கம்பி:
எல்லாத்தையும் மீட்டர் வச்சு அளக்க முடியாது பாஸ். என் காது பொய் சொல்லுமா?

இசைக்கிறுக்கி:
காது பொய் சொல்லாது வெள்ளி, கண்ணு சொல்லும், அதை காது நம்பிடும். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1994-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே ஸ்பீக்கர்களை திரைக்குப் பின்னாடி வச்சு மார்க் போடச் சொன்னாங்க, அப்புறம் பேரும் சைஸும் தெரியற மாதிரி வச்சு போடச் சொன்னாங்க. பெரிசா, பகட்டா தெரிஞ்சதுக்கு மார்க் ஏறுச்சு, சின்ன சப்வூஃபர் (பேஸுக்குன்னே தனிப் பெட்டி) செட்டுக்கு இறங்குச்சு. கேட்டவங்கள்ல ஸ்பீக்கர் கம்பெனில வேலை பார்க்கறவங்களே இருந்தாங்க, அவங்களுக்கும் இதே கதிதான். நம்ம எல்லாருக்கும் இது உண்டு, எனக்கும் உண்டு, அதனால கேபிள் சண்டையை இதோட விடுவோம், இந்த இழைல வேண்டாம்.

புதுக்காது, இதுல உங்களுக்கு உபயோகமான விஷயம் என்னன்னா, ரிவ்யூவுல 'இனிமை, காற்றோட்டம், தாளம் கொண்டாட்டம்'னு எழுதினதை விட்டுட்டு அளவீடு இருக்கான்னு தேடுங்க. ஸ்பினோரமான்னு ஒரு வரைபடம் வரும். ஸ்பீக்கரை 10 டிகிரிக்கு ஒரு தரம் திருப்பி, படுக்கைவாட்டுல, செங்குத்துவாட்டுல ரெண்டுலயும் சுத்தி 70 அளவு எடுத்து போடறது. நேரா வர்ற கோடு ஓரளவு சமதளமா இருக்கணும், பக்கவாட்டுல போற சத்தத்தோட கோடு மேடு பள்ளம் இல்லாம மெதுவா சரியணும். அவ்வளவுதான் பார்க்கணும், கோடு அழகா இருந்தா 90 சதவீதம் ஏமாற மாட்டீங்க. பக்கவாட்டு ஏன் முக்கியம்னா, உங்க ரூம்ல மூலை சுவர் பக்கத்துலயே இருக்கே, அதுல பட்டு வர்றதும் உங்க காதுக்குத்தான் வருது.

பழையடேப்:
வரைபடம் எல்லாம் சரி அம்மா, காதால கேக்காம வாங்கக் கூடாது. தம்பி, நீங்க இருபது வருஷமா கேட்டு மனப்பாடமான மூணு பாட்டை எடுத்துட்டுப் போங்க. டெமோக்கு அவங்க போடற பாட்டுல எல்லா ஸ்பீக்கரும் நல்லாதான் பாடும், அதுக்காகவே பொறுக்கி வச்ச பாட்டு அது.

இசைக்கிறுக்கி:
ஆமா அண்ணே, கேக்கத்தான் வேணும். சத்தத்தை சமமா வச்சுக் கேக்கணும், அது இன்னும் முக்கியம். ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணு 1 டிபி கூட இருந்தாலே அது நல்லா இருக்குற மாதிரி தோணும், சத்தம் கூடன்னு தோணாது. போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் வச்சு ரெண்டும் ஒரே அளவுல இருக்கான்னு பார்த்துட்டு கேளுங்க. டோன் கண்ட்ரோல், லவுட்னஸ் பட்டன் எல்லாம் ஆஃப்.

சும்மாகேட்டேன்:
இடைல வந்ததுக்கு மன்னிக்கணும். ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினா ஆம்ப்பே வேணாமே, இவருக்கு அது சரியா வராதா? லேப்டாப்தானே சோர்ஸ்.

நாலு_ஓம்:
நல்ல கேள்வி, நானே எழுதணும்னு இருந்தேன். ஆக்டிவ்ல ஆம்ப் உள்ளயே இருக்கும். உண்மையான ஆக்டிவ்ல வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப், பிரிக்கறது ஆம்ப்புக்கு முன்னாடியே நடந்துடும், அதனால கம்பெனிக்காரன் நினைச்ச மாதிரியே பாட வைக்கலாம். ஜேபிஎல் 305பி இந்த வகை, 5 இன்ச் வூஃபர், ரெண்டு ஆம்ப். காசுக்கு இவ்வளவு சமதளமான கோடு பாசிவ்ல (ஆம்ப் தனியா வாங்குற வகை) கிடைக்கறது கஷ்டம். சில சமயம் ஒரு பெட்டில மட்டும் ஆம்ப் வச்சு இன்னொண்ணுக்கு வயர் இழுத்து அதையும் ஆக்டிவ்னு விப்பாங்க, அது பவர்டு, உள்ளே சாதாரண கிராஸோவர்தான். தப்பில்ல, ஆனா வேற.

ஆக்டிவ்ல தொல்லை என்னன்னா ரெண்டுக்கும் தனித்தனி கரண்ட் பிளக் வேணும், பாட்டு இல்லாதப்போ ட்வீட்டர்ல உஸ்ஸுனு ஒரு இரைச்சல் வரும், மேஜைல ஒரு மீட்டர் தூரத்துல உக்காந்தா ராத்திரில கேக்கும், 2.4 மீட்டர்ல பெரும்பாலும் தெரியாது. லேப்டாப் சார்ஜர் மாட்டினா ங்ங்னு ஹம் வரலாம், அது கிரவுண்ட் லூப் (எர்த் வழியா சுத்தி வர்ற இரைச்சல்). அஞ்சு வருஷம் கழிச்சு உள்ள இருக்குற ஆம்ப் போர்டு போச்சுன்னா மொத்தமும் முடங்கும், பாசிவ்ல ஆம்ப்பை மட்டும் மாத்தலாம். வேலை செய்யற மேஜைக்குன்னா நான் கண்ணை மூடிட்டு ஆக்டிவ் சொல்வேன். ஹாலுக்கு ரெண்டும் சரி.

பழையடேப்:
'ஸ்டுடியோ மானிட்டர்'னு பேர் போட்டாலே உசந்ததுன்னு நினைக்க வேண்டாம். யமஹா என்எஸ்10 ஞாபகம் இருக்கா, வெள்ளை கோன், 1978-ல வீட்டுக்குன்னு வந்த ஸ்பீக்கர். வீட்டுக்காரங்க யாரும் சீந்தல. ஸ்டுடியோக்காரங்க எடுத்துட்டுப் போய் உலகம் பூரா மிக்ஸிங் மேஜை மேல வச்சாங்க, ட்வீட்டர் கூச்சம் தாங்காம அது மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கிட்டாங்க. குத்தம் கண்டுபிடிக்க உதவினது அது, சுகமா கேக்க இல்ல.

புதுக்காது:
//மனப்பாடமான மூணு பாட்டை எடுத்துட்டுப் போங்க//
போயிட்டு வந்தேன். கெஃப் கியூ150, எலாக் டெபூ பி6.2 ரெண்டையும் ஒரே ஆம்ப்ல கேட்டேன், சத்தத்தை ஆப் வச்சு சமம் பண்ணச் சொன்னேன், ஒரு மாதிரி பார்த்தாங்க, ஆனா பண்ணினாங்க. கெஃப்ல பாடறவர் நடுவுல ஒரு புள்ளில நிக்கற மாதிரி இருந்துச்சு, நான் எழுந்து ரெண்டடி பக்கவாட்டுல நகர்ந்தாலும் பெரிசா மாறல. எலாக்ல அவ்வளவு கூர்மை இல்ல ஆனா பேஸ் கனமா, உடம்போட இருந்துச்சு. மூணாவதா ஒண்ணு போட்டுக் காட்டினாங்க, முதல் நிமிஷம் அட அட, எவ்வளவு தெளிவுன்னு இருந்தது, அப்புறம் 'ச', 'ஸ' வர்ற இடத்துல எல்லாம் ஊசி மாதிரி குத்துச்சு, மூணு பாட்டு முடியறதுக்குள்ள வால்யூமைக் குறைக்கச் சொல்லிட்டேன்.

இசைக்கிறுக்கி:
பிரமாதமா கேட்டிருக்கீங்க. அந்த மூணாவதுதான் பொறி. 5-ல இருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தூக்கி விட்டா கொஞ்ச நேர டெமோல 'தெளிவு'ன்னு தோணும், வீட்ல ஒரு மணி நேரம் கேட்டா தலைவலி. வால்யூமைக் குறைக்கணும்னு கை போச்சுல்ல, அதை விட நேர்மையான ரிவ்யூ கிடையாது.

கெஃப்ல நடுவுல நிக்கறதுக்குக் காரணம் இருக்கு, அவங்க ட்வீட்டரை வூஃபருக்கு நடுவுலயே வச்சுடுவாங்க, 1988-ல இருந்து பண்றாங்க, யூனி-க்யூன்னு பேரு. சத்தம் எல்லாம் ஒரே புள்ளில இருந்து கிளம்புது, அதனால நகர்ந்து உக்காந்தாலும் சமநிலை ரொம்ப மாறாது. எலாக் பி6.2 ஆண்ட்ரூ ஜோன்ஸ் வடிவமைச்சது, போர்ட் முன்பக்கம், சுவர் கிட்ட வைக்க சௌகரியம். கியூ150-க்கு போர்ட் பின்னாடி.

நாலு_ஓம்:
ஒரு எச்சரிக்கை, கியூ150 86 டிபி, 8 ஓம்னு போட்டிருந்தாலும் சில இடத்துல 3.7 ஓம் வரைக்கும் இறங்கும், கம்பெனியே ஸ்பெக்ல போட்டிருக்காங்க. 4 ஓம் தாங்கும்னு எழுதின ஆம்ப் எடுங்க, ரொம்ப பழைய, பலவீனமான ரிசீவர் வேணாம். ரெண்டு சீரிஸுக்கும் அடுத்த தலைமுறை வந்தாச்சு, பழைய ஸ்டாக் தள்ளுபடில கிடைச்சா தயங்காதீங்க, ஸ்பீக்கர் போன் மாதிரி ரெண்டு வருஷத்துல பழசாகிற சாமான் இல்ல.

கோபுரம்:
சரி டவரை விட்டுக்கொடுத்துட்டேன், ஆனா படம் பார்ப்பேன்னாரே, சப்வூஃபர் இல்லாம எப்படி?

இசைக்கிறுக்கி:
பின்னாடி வாங்கிக்கலாம் கோபுரம், அதான் புக்‌ஷெல்ஃபோட லாபமே. ஸ்பீக்கரை குரலுக்கு நல்லா இருக்குற இடத்துல வைக்கலாம், சப்பை பேஸுக்கு நல்லா இருக்குற இடத்துல வைக்கலாம், ரெண்டும் ஒரே இடமா இருக்கறது அபூர்வம். 80 ஹெர்ட்ஸ்ல பிரிச்சா சத்தம் எங்க இருந்து வருதுன்னு காது கண்டுபிடிக்காது. இடம் தேட ஒரு பழைய வழி, சப்பை சோபா மேல வச்சு பேஸ் பாட்டு போட்டுட்டு தரையில தவழ்ந்து போங்க, எங்க பேஸ் சமமா கேக்குதோ அங்க சப்பை வைங்க. யாரும் இல்லாத நேரமா பார்த்துப் பண்ணுங்க.

ஆம்ப் வாங்கும்போது சப் அவுட் (சப்வூஃபர் மாட்டற இடம்) இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க.

சும்மாகேட்டேன்:
செகண்ட் ஹேண்ட் பத்தி யாரும் சொல்லலையே. அதே காசுக்கு ஒரு படி மேல கிடைக்காதா?

பழையடேப்:
என் டிப்பார்ட்மெண்ட் வந்தாச்சு. கிடைக்கும், பார்த்து வாங்கினா. முதல்ல வூஃபர் சுத்தி இருக்குற வளையம். ஃபோம்னா 15, 20 வருஷத்துல நகத்தால தொட்டாலே உதிரும், ரப்பர்னா பல காலம் தாங்கும். ஃபோம் போனதை மாத்தலாம், மாத்தறவங்க இருக்காங்க, அந்தச் செலவை விலைல கழிச்சுப் பேசணும். அடுத்து கோனை ரெண்டு பக்கமும் விரலை வச்சு சமமா, மெதுவா உள்ள அமுக்குங்க, சர்ருன்னு உரசற சத்தம் வந்தா காயில் கெட்டுப் போச்சு, எழுந்து வந்துடுங்க. ட்வீட்டர் டோம் உள்ள ஒடுங்கியிருக்கான்னு பாருங்க, குழந்தை இருந்த வீட்டு ஸ்பீக்கர்ல கண்டிப்பா இருக்கும். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியா பாட விட்டு காதை ட்வீட்டர் கிட்ட கொண்டு போங்க, நிறைய பேர் செத்த ட்வீட்டரோட வருஷக்கணக்கா கேட்டுட்டு இருப்பாங்க, தெரியாது அவங்களுக்கு. ரெண்டும் ஒரே ஜோடியா, சீரியல் நம்பர் பக்கத்துல பக்கத்துல இருக்கான்னும் பாருங்க.

பழைய ஆக்டிவ் மட்டும் வேண்டாம், உள்ள இருக்குற கபாசிட்டர் எந்த நிலைமைல இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியாது.

புதுக்காது:
கியூ150-யே எடுத்துட்டேன், 4 ஓம் தாங்குற 50 வாட் கிளாஸ் டி ஆம்ப், 16 கேஜ் வயர். வெள்ளிக்கம்பி அண்ணா கோவிச்சுக்காதீங்க. குரல் அருமையா இருக்கு. ஆனா ரெண்டு சந்தேகம். மூலை பக்கம் இருக்குற இடது ஸ்பீக்கர்ல பேஸ் மப்பா இருக்கு. அப்புறம் கடைல கேட்ட அளவுக்கு குரல் நடுவுல நிக்கல, லேசா இடது பக்கம் சாயுது.

நாலு_ஓம்:
முதல்ல வயர் போலாரிட்டி. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பு கறுப்பு மாறியிருந்தா குரல் நடுவுல நிக்காது, பேஸும் காணாம போயிடும். மோனோல ஒரு பேச்சு போடுங்க, குரல் ரெண்டுக்கும் நடுவுல காத்துல நின்னா சரியா இருக்கு, தலையைச் சுத்தி எங்கயோ பரவினா ஒரு பக்கத்தை மாத்துங்க. உங்களுக்கு பேஸ் இருக்குறதால வயர் சரியாதான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துடுங்க.

மப்புக்கு கூட வந்த ஃபோமை எடுத்து இடது போர்ட்ல மட்டும் அடைங்க.

இசைக்கிறுக்கி:
இடது பக்கம் சாயறது பக்கச் சுவரால. சோபால உக்காந்துக்கிட்டு யாரையாவது ஒரு சின்னக் கண்ணாடியை இடது சுவர்ல ஒட்டினாப்ல நகர்த்தச் சொல்லுங்க, எந்த இடத்துல கண்ணாடில ஸ்பீக்கர் தெரியுதோ அங்கதான் சத்தம் பட்டுத் திரும்புது. அங்க கனமான திரையோ, புத்தக அலமாரியோ வச்சா போதும். ரெண்டு ஸ்பீக்கரையும் உள்பக்கமா லேசா திருப்புங்க, முதல்ல நேரா காதைப் பார்க்கற மாதிரி வச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா வெளில விடுங்க. ட்வீட்டர் உக்காந்திருக்கும்போது காது உயரத்துல இருக்கணும். ரெண்டு ஸ்பீக்கர்ல இருந்தும் காதுக்கு தூரம் டேப் வச்சு அளந்து சமம் பண்ணுங்க, கண்ணளவுல வேண்டாம், 10 செ.மீ. வித்தியாசமே குரலை இழுத்துடும்.

புதுக்காது:
இடது பக்கம் 12 செ.மீ. கிட்ட இருந்துச்சு! சோபாவை நகர்த்தினதும் குரல் நடுவுல வந்துடுச்சு. ஃபோம் போட்டதும் மப்பு குறைஞ்சுது. ஆனா நாலு_ஓம் ப்ரோ சொன்ன அந்த 41 ஹெர்ட்ஸ் விவகாரம் இன்னும் இருக்கு, டபுள் பேஸ் கீழ இறங்கும்போது ஒரு நோட் மட்டும் துருத்திட்டு நிக்குது.

நாலு_ஓம்:
ஆர்ஈடபிள்யூன்னு இலவச மென்பொருள் இருக்கு, அளக்கற மைக் ஒண்ணு யார்கிட்டயாவது இரவல் வாங்கி சோபால காது இருக்குற இடத்துல வச்சு அளந்து பாருங்க, மேடு 41-லதான் நிக்குதா, 43-லயான்னு தெரியும். லேப்டாப் ஈக்வலைசர்ல அந்த இடத்துல மட்டும் ஒடுக்கமா 4, 5 டிபி வெட்டுங்க, கியூ அளவு (வெட்டு எவ்வளவு ஒடுக்கம்ங்கறது) 5 மாதிரி வச்சு ஆரம்பிங்க. மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் போகாதீங்க. பள்ளம்ங்கறது ரெண்டு அலை ஒண்ணையொண்ணு அடிச்சுக்கறது, அங்க எவ்வளவு பவர் கொட்டினாலும் சேர்த்து அடிச்சுக்கும், ஆம்ப்தான் சூடாகும். அதுக்கு ஒரே வழி சோபாவை முன்ன பின்ன நகர்த்தறது. உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குற சுவரோட ஒட்டி இருக்கா சோபா?

புதுக்காது:
ஆமா, ஒட்டித்தான் இருக்கு. 40 செ.மீ. முன்னாடி இழுக்க முடியும்.

நாலு_ஓம்:
ஈக்வலைசரைத் தொடறதுக்கு முன்னாடி அதை இழுங்க. நீளவாக்கு முழக்கம் சுவர் ஓரத்துலதான் உச்சமா இருக்கும். இழுத்துட்டு ஸ்பீக்கர் தூரத்தை திரும்ப டேப் வச்சு அளந்துடுங்க.